பிறந்ததிலிருந்து வெளியே போகாத குழந்தைக்குச் சளி எங்கிருந்து வந்தது?

லாங் பஜாருக்கு நான் காய்கறி வாங்கப் போனால் வீடு திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். காய் வாங்குவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது. வழியில் நிறுத்திப் பேசுகிறவர்கள்தான் அதிகம். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். அதிலும் பெரும்பகுதி பச்சைக் குழந்தைகளின் ஐ.சி.யூ.வில். ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாகியும் இந்தப் பக்கத்தில் எனக்குப் பெயர் 'சிஸ்டர்'தான்.

போன மழையில் ஒரு சாயங்காலம். பாத்திரக் கடைக்காரர் ஒருவர், அறுபது வயசு, மரியாதையான மனுஷர், கடையை விட்டு இறங்கி வந்து என்னை நிறுத்தினார்.

"சிஸ்டர், நல்ல வேள உங்களப் பாத்தேன். பொண்ணுக்கு எட்டாம் மாசத்துலயே பிரசவம் ஆயிடுச்சி. பேரன். ஒன்ற கிலோதான் இருக்கானாம், ஐ.சி.யூ.ல வச்சிருக்காங்க. நாலு நாளா வாசல்லயே நின்னுகினு இருக்கேன், உள்ள வுட மாட்றாங்க. என் பொண்ண மட்டுந்தான் வுடறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, ஒரே ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துடுவேன்."

பேசும்போதே மூக்கை உறிஞ்சினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். "மழையில நனஞ்சது. வெறும் ஜலதோஷம்தான்" என்று அவரே சொன்னார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். மனுஷர் முகம் சுருங்கிப் போச்சு. இருபது வருஷப் பழக்கம். அவருக்கு நான் நின்ற நிலையில் சொன்ன காரணம் போதாது. அதனால்தான் முழுசாக இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் எத்தனையோ பேருக்கு இதே மனத்தாங்கல் இருக்கும்.

ஒரு காலத்தில் நானும் சிபாரிசு செய்து ஆட்களை உள்ளே அனுப்பியவள்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) நடந்த ஒன்று அந்தப் பழக்கத்தை விட வைத்தது.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த பெண். ஏழு வருஷம் கழித்துத் தரித்த கரு. 32 வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. முதல் பத்து நாள் ஆக்சிஜன். பிறகு நன்றாகத் தேறி வந்தது. டியூப் வழியாகத் தாய்ப்பால், தினம் இருபது கிராம், இருபத்தைந்து கிராம் எடை ஏற்றம். பதினெட்டாம் நாள் "நாளைக்கு நேரா மார்ல போட்டுப் பாக்கலாம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னதே நான்தான். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை குழந்தை துவண்டு கிடந்தது. பால் செரிக்கவில்லை. ஜுரம் கிடையாது, இருமல் கிடையாது. ஆனால் மூச்சு நின்று நின்று வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் ஏற்றினோம். ரத்தப் பரிசோதனையில் எந்த பாக்டீரியாவும் வளரவில்லை. வென்டிலேட்டரில் போட்டோம். அதற்குள் பக்கத்துத் தொட்டில் குழந்தைக்கும், அதற்கடுத்த குழந்தைக்கும் அதே மாதிரி. மூக்கிலிருந்து சளியை எடுத்து வைரஸ் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றிலும் ஆர்.எஸ்.வி. என்று வந்தது.

பெரிய டாக்டர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து இந்த ரூமை விட்டு வெளியே போனதில்லை. இதுக்குச் சளி எங்கிருந்து வந்தது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. மற்ற இரண்டு குழந்தைகளும் பிழைத்தார்கள். அந்தப் பெண் குழந்தை இருபத்தாறாம் நாள் இறந்துபோனது.

ஆர்.எஸ்.வி. என்பது ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ். வாயில் நுழையாத பேர். ஆனால் ஆள் நமக்குப் புதுசு இல்லை. 1956-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு வளர்த்த சிம்பன்சிக் குரங்குகளுக்கு ஜலதோஷம் வந்தபோது இதை முதலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே குழந்தைகளிடமும் இது இருப்பது தெரிந்தது. இரண்டு வயசுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒரு தடவையாவது பிடித்துவிடும். நமக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. பெரியவர்களுக்கு வந்தால் மூக்கு ஒழுகும், இரண்டு நாள் தொண்டை கரகரக்கும், சுக்குக் காபியோடு போய்விடும்.

அதே வைரஸ் ஒன்றரை கிலோ குழந்தைக்குள் போனால் கதை வேறு. அதன் மூச்சுக் குழாய்க் கிளைகள் நூல் மாதிரி இருக்கும். கொஞ்சம் வீங்கினாலும், துளி சளி சேர்ந்தாலும் அடைபடும். பச்சைக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் வாயைத் திறந்து சமாளிக்கத் தெரியாது. இன்னொன்று, தாயின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கு இறங்குவது முக்கியமாகக் கர்ப்பத்தின் கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான். குறை மாதத்தில் பிறந்தது அந்தச் சீர்வரிசையை வாங்காமலேயே வந்துவிட்டது! (ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசக் குழந்தை பிழைக்காது என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.)

2019-ம் வருஷக் கணக்கு ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க அந்த ஒரே வருஷத்தில் ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் ஒரு லட்சம் பேர் ஆர்.எஸ்.வி.யால் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆறு மாசம் நிறையாதவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சாவு நம் நாடு மாதிரியான ஏழை, நடுத்தர நாடுகளில்.

இது எப்படித் தொற்றுகிறது? இங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்தில் கரோலின் ஹால் என்ற குழந்தை டாக்டர் 1981-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஆர்.எஸ்.வி. வந்து ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தைகளோடு தொண்டர்களை மூன்று விதமாகப் பழக விட்டார். முதல் கூட்டம் குழந்தையைத் தூக்கி, கொஞ்சி, பால் கொடுத்தது. இரண்டாவது கூட்டம் குழந்தையைத் தொடவில்லை. அதன் சளி பட்ட இடங்களைத் தொட்டுவிட்டுத் தங்கள் மூக்கையோ கண்ணையோ தேய்த்துக்கொண்டது. மூன்றாவது கூட்டம் ஆறடி தள்ளிச் சும்மா உட்கார்ந்திருந்தது. கொஞ்சியவர்கள் 7 பேரில் 5 பேருக்குத் தொற்றியது. தொட்டவர்கள் 10 பேரில் 4 பேருக்கு. தள்ளி உட்கார்ந்த 14 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை!

வழுவழுப்பான மேஜையில் இந்த வைரஸ் ஆறு மணி நேரம் வரை உயிரோடு இருக்கும் என்பதும் அவர் குழு கண்டதுதான். ரப்பர் கையுறையில் ஒன்றரை மணி நேரம். வெறும் கையில் சுமார் இருபது நிமிஷம். இருபது நிமிஷம் என்றால் எவ்வளவு தெரியுமா? லாங் பஜாரில் ஒரு கடையில் மூக்கைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிறவர், ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி மாடி ஏறி, தொட்டில் கம்பியைப் பிடிக்கிற நேரம்.

கொரோனா வந்தபோது மாஸ்க் போடக் கற்றுக்கொண்டோம். நல்லதுதான், தும்மல் துளி நேராகத் தெறிப்பதை அது தடுக்கும். ஆனால் பாதிப் பாடம்தான் படித்தோம். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, அதை நிமிஷத்துக்கொரு தரம் கையால் ஏற்றி இறக்கிவிட்டு, அதே கையால் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிறோம். செல்போனைச் சொல்லவே வேண்டாம். கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, பையிலிருந்து போனை எடுத்துப் படம் பிடித்தால் கழுவிய கை கழுவாத கைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் டாக்டர், நர்ஸ்களுக்குக் கை சுத்தம் செய்ய ஐந்து தருணங்களை வகுத்துக் கொடுத்தது. முதல் நான்கும் ஓரளவு நடக்கிறது. ஐந்தாவது, குழந்தையைத் தொடாமல் தொட்டில், மானிட்டர், டியூப் என்று சுற்றியுள்ளதைத் தொட்டாலும் கையைச் சுத்தம் செய் என்பது. அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். இன்னொரு விஷயம்: ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளுயென்சா போன்றவை சுவரில் தொங்கும் ஆல்கஹால் திரவத்தில் சுலபமாகச் சாகும். அடினோ வைரஸும், சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணமான ரைனோ வைரஸும் அவ்வளவு லேசில் சாகாது. அவற்றுக்குச் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் நிச்சயம்.

அடினோ வைரஸ் என்றதும் 2018 ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வனாக்யூ என்ற இடத்தில், வென்டிலேட்டரில் நாள்கணக்காக இருக்க வேண்டிய பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு நிலையம். அங்கே இந்த வைரஸ் நுழைந்து 36 பேரைப் பிடித்தது. 11 பேர் இறந்தார்கள். பணத்துக்கும் மெஷினுக்கும் பஞ்சமில்லாத ஊரிலேயே இந்தக் கதி. நம்மூரில் 2023 ஆரம்பத்தில் இதே அடினோ வைரஸ் கொல்கத்தாவைப் பிடித்து ஆட்டியபோது குழந்தைகள் ஐ.சி.யூ.க்கள் நிரம்பி வழிந்தன. இடம் நெருக்கமாகிவிட்டால் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குப் போக வைரஸுக்கு நர்ஸின் இரண்டு கை போதும்.

சரி, அப்படியானால் யாரையும் உள்ளே விடக் கூடாதா? இதில்தான் ஆஸ்பத்திரிகள் மேல் எனக்குக் கோபம். கூட்டத்தைக் குறைக்கச் சொன்னால் பல இடங்களில் முதலில் தாயைத்தான் வெளியே தள்ளுகிறார்கள்! காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள் என்கிறார்கள். தாய் விசிட்டர் இல்லை. அவள் மருந்து.

1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் பற்றாமல் போனபோது, எட்கர் ரே என்ற டாக்டர் குறை மாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாகக் கட்டிவைத்து வளர்க்கச் செய்தார். கங்காரு முறை என்று இன்று நாம் சொல்வது அதுதான். 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் கலந்துகொண்டன. நம் பங்கு டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி. பிறந்த உடனேயே தாயோடு சேர்த்துவைத்த குழந்தைகளில் இறப்பு கால்வாசி குறைந்தது. தாயின் தோலும் பாலும் செய்கிற வேலை அது. ஆகவே தாய் உள்ளேயே இருக்கட்டும். அவளுக்கே சளி பிடித்தால்? மாஸ்க் போட்டு, கையைச் சோப்பால் கழுவிப் பால் கொடுக்கலாம். அது கூட முடியாத அளவுக்கு முடியவில்லை என்றால், பீய்ச்சிக் கொடுத்த பாலை நர்ஸ் புகட்டலாம். அப்பாவும் சுகமாக இருந்தால் வரலாம், அம்மா அசந்த நேரத்தில் அவர் மார்பிலும் குழந்தை தூங்கும். வெளியே நிற்க வேண்டியது நாம்தான். தாத்தா, மாமா, சித்தப்பா, பெரியம்மா, சம்பந்தி வீட்டார், கம்பெனி சூபர்வைசர், வார்டு கவுன்சிலர்.

கவுன்சிலரைச் சொன்னதும் சிரிக்காதீர்கள். ஏழைக் கிழவியை வாசலில் நிறுத்துகிற அதே செக்யூரிட்டி, பெரிய மனுஷர் வந்தால் கதவைத் திறந்துவிடுவார். பின்னால் ஆறு பேர், ஒரு பழக்கூடை, ஒரு போட்டோ. இன்னும் சில இடத்தில் கையில் ஐம்பது ரூபாய் வைத்தாலே கதவு திறக்கும். டாக்டர்கள் மட்டும் என்ன? ரவுண்ட்ஸ் என்று பதினைந்து பேர் ஒரு தொட்டிலைச் சுற்றி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பேராவது இருமுவார்கள். வைரஸ் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்து வழிவிடாது. விதி என்றால் எல்லோருக்கும் விதி.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆம்பூர்ப் பெண்ணின் குழந்தைக்கு முடியாமல் போவதற்கு நான்கைந்து நாள் முன்னால் எனக்கு ஜலதோஷம் இருந்தது. இரண்டு நாள் மூக்கு ஒழுகல். அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு பேர் லீவு. நானும் போடவில்லை என்றால் நைட் டியூட்டிக்கு ஆள் இல்லை. லீவு போட்டால் சம்பளமும் பிடிப்பார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் பெரியப்பா குடும்பம் பேரணாம்பட்டிலிருந்து வந்ததும் உண்மை, அதில் ஒரு பையன் இருமிக்கொண்டே இருந்ததும் உண்மை. அவர்களை உள்ளே விடச் சொன்னதும் நான்தான். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் வெளியே தெரிய இரண்டு நாளிலிருந்து எட்டு நாள் வரை ஆகும், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாள். கணக்கு இரண்டு பக்கமும் பொருந்தியது. அந்தப் பையனா, நானா, வேறு யாராவதா என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் என்னிடம் கேட்கவும் இல்லை. "என் தலையெழுத்து சிஸ்டர்" என்றுதான் சொன்னாள்.

தலையெழுத்து இல்லை. அதைச் சொல்லத்தான் அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களை ஒன்று கேட்கிறேன். ஐ.சி.யூ. நர்ஸ் காலையில் போன் செய்து "சளி பிடித்திருக்கிறது" என்றால், "இதுக்கெல்லாம் லீவா?" என்று கேட்காதீர்கள். சம்பளத்தோடு லீவு கொடுங்கள், அல்லது குழந்தைகள் இல்லாத வேறு பிரிவில் வேலை கொடுங்கள். அந்த நாள் சம்பளம் வென்டிலேட்டரின் ஒரு நாள் பில்லுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரத்தத்தில் எத்தனை பேருக்கு பாக்டீரியா தொற்று, வென்டிலேட்டரால் எத்தனை பேருக்கு நிமோனியா என்று நல்ல ஆஸ்பத்திரிகள் மாதாமாதம் எண்ணுகின்றன. உள்ளே வந்த பிறகு வைரஸ் சளி பிடித்த குழந்தைகளையும் அதே நோட்டில் எண்ணுங்கள். எண்ணாதது இல்லாததாகிவிடுகிறது. குழந்தை துவண்டவுடன் ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றி ஏற்றுவதோடு, மூக்குச் சளியையும் ஒரு தரம் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. என்ன என்று தெரிந்தால் அந்தக் குழந்தையைத் தனியாக ஒதுக்கி, அதற்கென்று ஒரு நர்ஸை வைத்துப் பக்கத்துத் தொட்டிலையாவது காப்பாற்றலாம்.

இதையெல்லாம் வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜேக்கப் ஜான் வைரஸ் ஆய்வகத்தை வளர்த்தெடுத்த சி.எம்.சி. நம் பஜாரிலிருந்து நடக்கிற தூரம். 1988-ல் அவரும் தாமஸ் செரியனும் எரிக் சிமோயஸும் மற்றவர்களும் சேர்ந்து லான்செட் பத்திரிகையில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே இல்லாமல், மூச்சை எண்ணியே குழந்தையின் நெஞ்சுச் சளி ஆபத்தானதா என்று கண்டுபிடிக்கலாம் என்று நம்மூர்க் குழந்தைகளை வைத்தே காட்டிய ஆய்வு. பிற்பாடு சிமோயஸ் அமெரிக்கா போய் ஆர்.எஸ்.வி. தடுப்பு மருந்து ஆராய்ச்சியிலேயே ஈடுபட்டார். கர்ப்பிணிகளுக்குப் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும், குழந்தைக்கே போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நம் அரசு இலவசமாகப் போடும் ஊசிகளின் பட்டியலில் இவை சேருகிற வரைக்கும் நமக்கு சோப்புதான் ஊசி.

மூச்சை எண்ணுவது வீட்டிலும் உதவும். ஐ.சி.யூ.விலிருந்து வந்த குழந்தை அழாமல், அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணுங்கள். இரண்டு மாசத்துக்குள் என்றால் 60, ஒரு வயசுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயசு வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

"போய்ப் பார்க்கவில்லை என்றால் சம்பந்தி வீட்டில் தப்பா நினைப்பாங்களே" என்கிறீர்களா? நம் வீடுகளில் தீட்டு என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் தனி அறையில் வைப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் நாற்பது நாள் கணக்கு. தாயைச் சரியாகச் சாப்பிட விடாமல், மூலையில் உட்கார வைக்கிற அந்தத் தீட்டை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் கண்டவர்களும் குழந்தையைத் தூக்கவில்லை என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன். அதற்காக யாரும் யாரோடும் மனஸ்தாபப்பட்டதில்லை.

பாத்திரக் கடைக்காரர் ஒரு வாரம் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு அவர் மகள் தினம் சாயங்காலம் வார்டிலிருந்து திரும்பி வந்து சேதி சொல்ல ஆரம்பித்தாளாம். இன்னிக்கு இவ்வளவு பால், இன்னிக்கு இவ்வளவு எடை. அவர் அதைக் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் காட்டினார். பேரன் வீட்டுக்கு வந்த அன்று எடை 1 கிலோ 950. அவர் தூக்கப் போனபோது அவர் வீட்டம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்களாம்: "சோப்பு போட்டியா, வெறுந்தண்ணியா?"